உரிமையா, அனுமதியா? ஐரோப்பாவில் குடியிருப்புரிமை வளர்ந்த வரலாறு

பிற நாட்டுக்குச் செல்வது ஒன்று. சென்ற நாட்டில் வாழ்வது மற்றொன்று. முன்னதற்குப் பயணக்கூலியும் கடப்பிதழும் இருந்தாற் போதும். பின்னதற்கு அந்நாட்டு அரசாங்கத்தின் இசைவு வேண்டும். அவ்விசைவு இன்று கொடுக்கப்படும், நாளை மீட்டுக்கொள்ளப்படும். கொடுத்தவர் விரும்பியபோது எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றை உரிமை என்று எவரும் சொல்லார். அது சலுகையே ஆகும். உலக நாடுகளிற் பெரும்பாலானவற்றில் அயல்நாட்டாரின் வாழ்வு இன்றும் இச்சலுகையின் மீதே நிற்கிறது.

இப்பொது விதிக்கு ஒரு பெரும் விலக்கு ஐரோப்பாவில் உண்டு. 27 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு நாட்டின் குடிமகன் மற்றொரு நாட்டிற்குச் சென்று வேலை செய்யவும், குடும்பத்தோடு தங்கி வாழவும் உரிமை பெற்றிருக்கிறான். அஃது அந்நாட்டு அரசாங்கம் மனமிரங்கிக் கொடுத்ததன்று. உடன்படிக்கையின் வாயிலாக அவனுக்கே உரியதானது. அதனை மறுக்கும் அதிகாரியை அவன் நீதிமன்றத்தில் நிறுத்தி வினவலாம்.

இத்தகைய உரிமை எவ்வாறு தோன்றியது? யாருக்காகத் தோன்றியது? அதன் எல்லை யாது? ஒரு நாடு உடன்படிக்கையை விட்டு விலகிப் போனால் அங்கு வாழ்வோரின் உரிமை என்னவாகும்? இவ்வினாக்களுக்கு விடை, கடந்த முக்கால் நூற்றாண்டின் வரலாற்றில் இருக்கிறது.

கடப்பிதழ் வந்த கதை

1914-ஆம் ஆண்டுக்கு முன் மேற்கு ஐரோப்பாவில் மக்கள் பெரும்பாலும் கடப்பிதழ் இன்றியே நாடு விட்டு நாடு சென்றனர். ரஷ்யாவும் துருக்கியும் அதனை வற்புறுத்தின. ஏனைய நாடுகள் பெரிதும் பொருட்படுத்தவில்லை. முதல் உலகப் போர் மூண்டதும் ஒற்றர்க்கு அஞ்சி ஒவ்வோர் அரசாங்கமும் தன் எல்லையை அடைத்தது. போர்க்காலத்திற்கென வந்த கட்டுப்பாடு, போர் முடிந்த பின்னும் நீங்கவில்லை. 1920-ஆம் ஆண்டில் சர்வதேச சங்கம் பாரிசு நகரில் கூட்டிய மாநாடு, கடப்பிதழை ஒழிப்பதற்கு மாறாக அதற்கொரு பொது வடிவத்தை வகுத்துத் தந்தது.

அதன் பிறகு, வெளிநாடு செல்லும் தொழிலாளி நான்கு தாள்களைச் சுமக்கவேண்டியவன் ஆனான்: கடப்பிதழ், விசா, வேலை அனுமதி, குடியிருப்பு அனுமதி. இவற்றுள் ஒன்று காலாவதியானால் மற்றவை பயனற்றுப் போகும். வேலை போனால் வேலை அனுமதி போகும். அது போனால் குடியிருப்பு அனுமதியும் போகும். 1930-களில் பொருளாதார மந்தத்தால் வேலையின்மை பெருகியபோது, பிரான்சு தன் சுரங்கங்களில் உழைத்து வந்த போலந்து நாட்டுத் தொழிலாளரை ஆயிரக்கணக்கில் குடும்பத்தோடு இரயிலேற்றித் திருப்பியனுப்பியது. அவர்கள் சட்டத்தை மீறியவர்கள் அல்லர். அவர்களது உழைப்பு அப்போது தேவைப்படவில்லை, அவ்வளவே.

நிலக்கரிக்கு ஆள்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பெல்ஜியத்திற்கு நிலக்கரி இன்றியமையாததாயிற்று. ஆனால் சுரங்கத்தில் இறங்கப் பெல்ஜியர் பலர் முன்வரவில்லை. அங்கு வேலை வாங்கப்பட்டு வந்த ஜெர்மானியப் போர்க் கைதிகளையோ விடுதலை செய்தாகவேண்டும். மறுபுறம் இத்தாலியில் வேலையற்றோர் மிகுந்திருந்தனர். அந்நாட்டில் நிலக்கரி மிகக் குறைவு. ஆதலின் 1946-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 23-ஆம் நாள் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இத்தாலி 50,000 தொழிலாளரை அனுப்பும். பெல்ஜியம் இத்தாலிக்கு நிலக்கரி விற்கும் என்பது அதன் சாரம்.

இத்தாலியின் ஊர்தோறும் இளஞ்சிவப்பு நிறச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. கூலி, விடுமுறை, குடும்பப்படி ஆகியவை அவற்றில் விளங்க எழுதப்பட்டிருந்தன. பூமிக்குள் எத்தனை நூறு மீட்டர் இறங்கவேண்டும் என்பதையும், அங்குள்ள இடரையும் அவை உரைக்கவில்லை. மிலான் நகரில் மருத்துவச் சோதனை முடிந்து இரயிலேறியவர்களுக்கு, பெல்ஜியத்தில் கிடைத்த இருப்பிடம் பல இடங்களில் போர்க் கைதிகள் தங்கியிருந்த கொட்டகைகளே. சுரங்கத்தைக் கண்டு அஞ்சி இறங்க மறுத்தவன் வேறு வேலை தேட முடியாது. அவனைக் காவலில் வைத்து நாட்டுக்குத் திருப்பியனுப்பினர். குடியிருக்கும் இசைவு வேலையோடும், வேலை சுரங்கத்தோடும் பிணைக்கப்பட்டிருந்தது.

1956-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8-ஆம் நாள் காலை, மார்சினெல் என்னும் ஊரிலுள்ள புவா து காசியே சுரங்கத்தில் 975 மீட்டர் ஆழத்தில் நிலக்கரி வண்டி ஒன்று ஏற்றுக் கூண்டினுள் சரியாகப் பொருந்தாமல் துருத்தி நின்றது. கூண்டு மேலெழுந்தபோது எண்ணெய்க் குழாயும் மின்கம்பியும் அறுந்தன. தீ பரவியது. 262 பேர் மாண்டனர். அவருள் 136 பேர் இத்தாலியர். 95 பேர் பெல்ஜியர். எஞ்சியோர் பிற நாட்டார். அதன் பின்னர் இத்தாலி அச்சுரங்கங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. பெல்ஜியமோ ஸ்பெயினிலும் கிரீசிலும் ஆள் தேடிற்று.

அயல்நாட்டுத் தொழிலாளி விருந்தாளியும் அல்லன், குடிமகனும் அல்லன். ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட ஓர் எண் மட்டுமே என்பதை அந்நிகழ்ச்சி ஐரோப்பாவிற்கு உணர்த்தியது. அதற்கு ஏழரைத் திங்களுக்குப் பின் உரோமாபுரியில் கையெழுத்தான உடன்படிக்கையைப் படிப்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் தகும்.

ஆறு நாடுகளின் உடன்படிக்கை

சுதந்திரமான இடப்பெயர்வு என்னும் கருத்து உரோமாபுரியில்தான் முதன்முதலில் எழுந்தது என்று சொல்வதற்கில்லை. 1951-ஆம் ஆண்டில் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் பாரிசில் நிலக்கரி-எஃகுச் சமூக உடன்படிக்கையைச் செய்துகொண்டன. அதன் 69-ஆம் பிரிவு, அவ்விரு தொழில்களிலும் தேர்ச்சி பெற்றோர்க்கு நாட்டுக் கட்டுப்பாட்டை நீக்க உறுதியளித்தது. 1954-ஆம் ஆண்டில் டென்மார்க், சுவீடன், நார்வே, பின்லாந்து ஆகிய வட நாடுகள் தமக்குள் ஒரு பொது வேலைச் சந்தையை அமைத்தன. எனினும் இவை ஒரு தொழிலுக்கோ, நெருங்கிய உறவுடைய சில நாடுகளுக்கோ உரிய ஏற்பாடுகளாக இருந்தன.

1957-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் அவ்வாறு நாடுகளும் உரோமாபுரியில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை நிறுவின. அவ்வுடன்படிக்கையின் 48-ஆம் பிரிவு, தொழிலாளர் தடையின்றிச் சென்று வேலை பார்க்கவும், வேலையின் பொருட்டு அங்குக் குடியிருக்கவும் வழி செய்தது. இதனை வற்புறுத்தியது இத்தாலி. தன் தென்பகுதியின் வேலையற்றோர்க்கு வழி தேடிற்று அது. ஏனைய நாடுகள் தம் சரக்குகளுக்குச் சந்தை தேடின. பொருள் எல்லை கடந்து செல்லலாமென்றால், பொருளைச் செய்யும் மனிதன் ஏன் செல்லக்கூடாது என்னும் வாதம் வென்றது.

உடன்படிக்கையில் எழுதியது உடனே நடைமுறைக்கு வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுக் காலம் தவணை வைத்துக்கொண்டனர். 1958-ஆம் ஆண்டிலேயே, பல நாடுகளில் உழைத்தவனின் உழைப்புக் காலங்களை ஒன்றுகூட்டி ஓய்வூதியம் கணக்கிடும் விதி இயற்றப்பட்டது. இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். ஆனால் பத்தாண்டு ஒரு நாட்டிலும் பத்தாண்டு மற்றொரு நாட்டிலும் உழைத்தவன், முதுமையில் இரண்டிடத்தும் வெறுங்கையனாக நிற்கும் நிலையை இது தடுத்தது. 1961-ஆம் ஆண்டிலும் 1964-ஆம் ஆண்டிலும் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. 1968-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், தவணைக்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே, 1612 என்னும் எண்ணுள்ள ஒழுங்குவிதி பிறந்தது.

அவ்விதியின்படி, வேற்றுநாட்டுத் தொழிலாளிக்கும் உள்நாட்டுத் தொழிலாளிக்கும் கூலியிலோ, வேலைநீக்கத்திலோ, வீட்டு வசதியிலோ, தொழிற்சங்க உரிமையிலோ வேற்றுமை காட்டலாகாது. மனைவியும், 21 வயதுக்குட்பட்ட மக்களும், அவனைச் சார்ந்து வாழும் பெற்றோரும் அவனுடன் குடியேறலாம். அவன் பிள்ளைகள் அந்நாட்டுப் பிள்ளைகளைப் போலவே பள்ளியிற் சேரலாம். குடியிருப்புச் சீட்டு ஐந்தாண்டுக் காலத்திற்குக் குறையாமல் வழங்கப்பட வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தில் சமூகத் துறையை நடத்தி வந்த இத்தாலியரான லெவி சாந்திரி, இதனை ஐரோப்பியக் குடியுரிமையின் முதல் அரும்பாகக் கண்டார்.

விலக்குகளும் இருந்தன. அரசாங்கப் பதவிகளைத் தம் குடிமக்களுக்கென வைத்துக்கொள்ள நாடுகளுக்கு இடமிருந்தது. பொது ஒழுங்கு, பாதுகாப்பு, சுகாதாரம் ஆகியவற்றின் பொருட்டு ஒருவரைத் தடுக்கவும் செய்யலாம். இவ்விலக்குகள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வரையறுக்கும் பொறுப்பு லக்சம்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தைச் சேர்ந்தது.

சீட்டினால் வரும் உரிமையா?

1976-ஆம் ஆண்டில் அந்நீதிமன்றத்தின் முன் ஒரு பிரெஞ்சுக்காரரின் வழக்கு வந்தது. அவர் மனைவி பெல்ஜியத்தில் தொழில் நடத்தி வந்தார். மனைவியோடு வாழச் சென்ற அவர், குடிநுழைவு அதிகாரிகளிடம் பதிவு செய்துகொள்ளவில்லை. சீட்டு இல்லாமையால் நாட்டில் இருக்கும் உரிமை இல்லையென்று கூறிப் பெல்ஜிய அரசாங்கம் அவரை வெளியேற்றியது.

நீதிமன்றம் கூறிய விடை இவ்வரலாற்றின் நடுநாயகமாகும். குடியிருக்கும் உரிமை உடன்படிக்கையிலிருந்தே நேரே பிறக்கிறது. சீட்டு அவ்வுரிமையை உண்டாக்குவதில்லை, முன்பே உள்ள உரிமைக்குச் சான்று மட்டுமே கூறுகிறது என்று அது தீர்த்தது. பதிவு செய்யத் தவறியவருக்கு அத்தவறுக்கு ஏற்ற சிறு தண்டனை விதிக்கலாம். அதற்காக அவரை நாட்டை விட்டே ஓட்டலாகாது.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத குழந்தை பிறவாத குழந்தை ஆகிவிடாது. சான்றிதழ் பிறப்பை அறிவிக்கிறது, பிறப்பிக்கவில்லை. அதுபோன்றதே குடியிருப்புச் சீட்டும். 1946-ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிலாளிக்குச் சீட்டே உரிமை. அது கிழிந்தால் அவன் வாழ்வும் கிழியும். 1976-ஆம் ஆண்டின் தொழிலாளிக்கு உரிமை முன்னது, சீட்டுப் பின்னது. முப்பதாண்டில் நேர்ந்த மாறுதல் இதுவே.

ஆசிரியர் வழக்குகள்

உடன்படிக்கை உரிமை வழங்கியது தொழிலாளிக்கு. அவ்வாறாயின் தொழிலாளி என்பவர் யார்? இவ்வினாவிற்கு விடை தந்த வழக்குகளுட் சில ஆசிரியர்களால் எழுந்தவை என்பது ஆசிரியப் பெருமக்கள் அறியத்தக்கது.

1982-ஆம் ஆண்டில், நெதர்லாந்தில் விடுதி ஒன்றில் அறைகளைத் துப்புரவு செய்யும் பகுதிநேர வேலை பார்த்த பிரிட்டிஷ் பெண் ஒருவர், தொழிலாளியே என ஏற்கப்பட்டார். உழைப்பு உண்மையானதாக இருந்தாற் போதும். நேரமும் வருவாயும் குறைவு என்பது தடையன்று என்பது தீர்ப்பு. 1986-ஆம் ஆண்டில், அதே நாட்டில் வாரத்திற்கு 12 பாடங்கள் மட்டும் நடத்திய ஜெர்மானிய இசையாசிரியர் ஒருவர் வழக்காடினார். வருவாய் போதாமையால் அவர் அரசாங்க உதவித்தொகையும் பெற்றார். அவ்வுதவி பெற்றதால் அவர் தொழிலாளி என்னும் தகுதியை இழக்கமாட்டார் என்று நீதிமன்றம் உரைத்தது.

அதே ஆண்டில் மற்றுமொரு வழக்கு. பிரிட்டனைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் ஆசிரியத் தேர்வில் தேறினார். பின்னர்ச் செய்யவேண்டிய பயிற்சிப் பணியில் அவரைச் சேர்க்க மாநில அரசாங்கம் மறுத்தது. ஆசிரியப் பணி அரசாங்கப் பணி. மதிப்பெண் இடுவதும் வகுப்பேற்றத்தை முடிவு செய்வதும் அரசதிகாரம். ஆதலின் அஃது ஜெர்மானியர்க்கே உரியது என்று வாதிட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பிறர் ஏவலின்கீழ்க் குறிப்பிட்ட காலம் உழைத்து அதற்கு ஊதியம் பெறுபவர் எவரும் தொழிலாளியே என்றும், ஆசிரியப் பயிற்சி பெறுவோர் நாட்டின் ஆட்சியதிகாரத்தைக் கையாளுவோர் அல்லர் என்றும் தீர்த்தது. தொழிலாளி என்னும் சொல்லுக்கு இன்றளவும் இத்தீர்ப்பின் இலக்கணமே வழங்குகிறது.

மொழியும் உரிமையும்

ஆயினும் வந்தவர் உரிமை ஒன்றே உரிமையா? வாழும் மண்ணின் மொழிக்கும் உரிமை இல்லையா? இவ்வினா 1989-ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து எழுந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஓவிய ஆசிரியை ஒருவர் டப்ளின் நகரக் கல்லூரி ஒன்றில் நிலையான பதவி வேண்டினார். அவர் பாடம் நடத்துவது ஆங்கிலத்தில். எனினும் அப்பதவிக்கு ஐரிஷ் மொழி அறிவு வேண்டுமென்பது விதி. அம்மொழியின் வாய்மொழித் தேர்வில் அவர் தவறினார், பதவி மறுக்கப்பட்டது.

ஐரிஷ் மொழி அயர்லாந்தின் முதல் ஆட்சிமொழி. ஆனால் ஆங்கிலத்தின் ஆதிக்கத்தால் அதனை அன்றாடம் பேசுவோர் சிறுபான்மையராகிவிட்டனர். அதனை மீண்டும் வளர்ப்பது அந்நாட்டு அரசியற் கொள்கை. அக்கொள்கையில் ஆசிரியர்க்குப் பெரும் பங்குண்டு; மாணாக்கர் பாடத்தை மட்டுமன்றி ஆசிரியரின் வாழ்வையும் கண்டு கற்கின்றனர் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆதலின் மொழித் தேர்வு செல்லும் என்று தீர்த்தது. அதே வேளையில் இரண்டு கட்டுப்பாடுகளை விதித்தது: தேர்வு அளவுக்கு மீறியதாக இருத்தல் கூடாது, அம்மொழியை அயர்லாந்திலேதான் கற்றிருக்கவேண்டும் என்று வற்புறுத்தலும் கூடாது. சிறுபான்மையாய்ப் போன மொழியொன்றைக் காக்க முயலும் எவரும் இத்தீர்ப்பைக் கருத்தூன்றிக் கற்கலாம். குடியேறியவரின் உரிமையையும் மொழியின் உரிமையையும் ஒன்றையொன்று அழிக்காமல் நிறுத்திய தீர்ப்பு அது.

கணவன் மனைவி வழக்கு

1992-ஆம் ஆண்டில் வந்த வழக்கின் நடுவில் நின்றவர் ஓர் இந்தியர். அவர் 1982-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரிட்டிஷ் பெண் ஒருவரை மணந்தார். 1983 முதல் 1985 வரை இருவரும் ஜெர்மனியில் உழைத்தனர். பிறகு பிரிட்டனுக்குத் திரும்பித் தொழில் தொடங்கினர். மணவாழ்வு முறிவுபட்டபோது பிரிட்டிஷ் அரசாங்கம் கணவரை வெளியேற்ற முற்பட்டது. மனைவி பிரிட்டிஷ் குடிமகள்; சொந்த நாட்டுக்குத் திரும்பியவர்க்கு ஐரோப்பியச் சட்டம் எதற்கு என்பது அரசாங்கத்தின் வாதம்.

நீதிமன்றம் மாறாக நோக்கியது. வெளிநாட்டில் உழைத்துவிட்டுத் தாய்நாடு திரும்பும்போது கணவனையோ மனைவியையோ உடனழைத்து வரமுடியாதென்றால், அப்பெண் முதலில் நாட்டை விட்டே புறப்பட்டிருக்கமாட்டார். திரும்பும் வழியை அடைப்பது செல்லும் வழியையும் அடைப்பதாகும். எனவே வெளிநாட்டில் அவ்விணையருக்கு இருந்த உரிமை, திரும்பிய பின்னும் குறையலாகாது என்பது தீர்ப்பு. இதன் பயனாக, சொந்த நாட்டுச் சட்டம் மூடிய கதவை ஐரோப்பியச் சட்டம் திறந்துவிட்ட விந்தை நிகழ்ந்தது. பின்னாளில் பல குடும்பங்கள் இவ்வழியைப் பின்பற்றின.

தொழிலாளி குடிமகனானது

1990-ஆம் ஆண்டில் மாணவர்க்கும், ஓய்வு பெற்றோர்க்கும், சொந்தப் பொருள் கொண்டு வாழ வல்லோர்க்கும் குடியிருப்புரிமை விரிந்தது. 1992-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் கையெழுத்தாகி, 1993-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்த உடன்படிக்கை, ஒன்றியக் குடியுரிமை என்னும் புதுப் பெயரைப் படைத்தது. எந்த உறுப்பு நாட்டின் குடிமகனும் ஒன்றியத்தின் குடிமகன் ஆனான். தான் வாழும் ஊரின் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கவும் அவனுக்கு உரிமை கிட்டியது.

இப்பெயர் வெறும் அலங்காரமா என்னும் ஐயம் 2001-ஆம் ஆண்டில் தீர்ந்தது. பெல்ஜியத்தில் உடற்கல்வி பயின்ற பிரெஞ்சு மாணவர் ஒருவர் மூன்றாண்டுகள் சிறு வேலைகள் செய்து தம் செலவைத் தாமே ஏற்றார். நான்காம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையும் பயிற்சியும் மிகுந்ததால் வேலை செய்ய இயலாது அரசாங்க உதவி கேட்டார். பெல்ஜிய மாணவர்க்குக் கிடைக்கும் உதவியை அவருக்கு மறுத்தல் தகாது. ஒன்றியக் குடியுரிமையே உறுப்பு நாட்டு மக்களின் அடிப்படை நிலை என்று நீதிமன்றம் கூறிற்று.

சிதறிக் கிடந்த விதிகளைத் திரட்டி 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் ஒரு நெறிமுறைச் சட்டம் ஆக்கப்பட்டது. அதன்படி முதல் மூன்று திங்கள் கடப்பிதழோ அடையாள அட்டையோ கொண்டு எவரும் தங்கலாம். அதற்கு மேற்பட்டால் வேலையோ சொந்தத் தொழிலோ இருத்தல் வேண்டும். அன்றேல் பிறர்க்குச் சுமையாகாத அளவு பொருளும் மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். ஐந்தாண்டுகள் சட்டப்படி தொடர்ந்து வாழ்ந்தவர் நிரந்தரவாச உரிமை பெறுவார். அதன் பின் அந்நிபந்தனைகள் அவரைக் கட்டா. தொடர்ந்து ஈராண்டுக்கு மேல் நாட்டில் இல்லாதிருந்தால்தான் அவ்வுரிமை நீங்கும். பத்தாண்டு வாழ்ந்தவரைப் பொதுப் பாதுகாப்பின் மிக இன்றியமையாத காரணமின்றி வெளியேற்றலாகாது. வேரூன்றும் மரத்தைப் போல, வாழும் காலம் நீள நீள உரிமையும் ஆழமாவது இச்சட்டத்தின் தத்துவம்.

இவ்வுரிமையைப் பயன்படுத்தியோருள் தமிழரும் உளர். இலங்கையிலிருந்து அகதிகளாய்ச் சென்று நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க், பிரான்சு ஆகிய நாடுகளில் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் பல, பின்னர்ப் பிரிட்டனுக்குப் பெயர்ந்தன. பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியும், உறவினர் அருகாமையும், கோயிலும் தமிழ்ப் பள்ளியும் அவர்களை ஈர்த்தன. புகலிடம் வேண்டி ஒருமுறை எல்லையில் நின்றவர்கள், மறுமுறை குடிமக்களாய் எல்லை கடந்தனர்.

எதிர்ப்பும் எல்லையும்

2004-ஆம் ஆண்டு மே முதல் நாள் பத்து நாடுகள் புதிதாய்ச் சேர்ந்தன. அவற்றுள் கிழக்கு நாடுகள் எட்டின் மக்களுக்கு ஏழாண்டு வரை கதவை அடைத்து வைக்கப் பழைய நாடுகளுக்கு இடமளிக்கப்பட்டது. பிரிட்டனும் அயர்லாந்தும் சுவீடனும் உடனே திறந்தன; ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011-ஆம் ஆண்டு மே வரை அடைத்தே வைத்தன. ஆதலின் போலந்து முதலிய நாட்டார் எவரும் எதிர்பாராத அளவில் பிரிட்டனுக்குச் சென்றனர்.

இதனால் இரு திறத்தும் குறைகள் எழுந்தன. வரும் நாட்டில் கூலி குறையும், வீடும் பள்ளியும் மருத்துவமனையும் நெருக்கடிக்குள்ளாகும் என்றனர். விடும் நாடுகளோ இளைஞரையும் மருத்துவரையும் இழந்தன. லாட்வியாவின் மக்கள்தொகை 2000-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 24 இலட்சம். இருபதாண்டுக்குப் பின் 20 இலட்சத்திற்கும் குறைவு. பிறப்புக் குறைந்ததும் இதற்குக் காரணமே. எனினும் வெளியேற்றம் பெருங்காரணம். செல்லும் உரிமை தனிமனிதனுக்கு வாழ்வளித்தாலும், அவன் விட்டுச் சென்ற ஊருக்கு அதனால் ஓர் இழப்புண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

நீதிமன்றமும் எல்லை வகுத்தது. 2014-ஆம் ஆண்டில், ஜெர்மனியில் வேலை தேடாமலே வாழ்ந்த ருமேனியப் பெண் ஒருவருக்கு உதவித்தொகை வழங்க அந்நாடு கடமைப்பட்டதன்று என்று தீர்த்தது. குடியுரிமை என்னும் சொல் விரிந்தபோதும், உழைப்பு என்னும் பழைய அடித்தளம் முற்றும் நீங்கவில்லை.

பிரிட்டன் விலகியது

2016-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் பிரிட்டிஷ் மக்களில் வாக்களித்தோருள் 51.9 விழுக்காட்டினர் ஒன்றியத்தை விட்டு விலக இசைந்தனர். 2020-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் பிரிட்டன் விலகியது. அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் நாள் சுதந்திர இடப்பெயர்வு முடிவுற்றது. அதற்கு முன் வந்து வாழ்ந்தோரின் உரிமை காக்கப்படும் என விலகல் ஒப்பந்தம் உறுதி கூறியது.

ஆயினும் 1976-ஆம் ஆண்டின் பழைய வினா மீண்டும் எழுந்தது. சீட்டு உரிமைக்குச் சான்றா, உரிமையே சீட்டிலிருந்து வருவதா? ஜெர்மனியும் ஸ்பெயினும் தம் மண்ணில் வாழ்ந்த பிரிட்டிஷாருக்கு முதல் வழியைப் பின்பற்றின. பிரிட்டனும் பிரான்சும் இரண்டாம் வழியை மேற்கொண்டன; விண்ணப்பித்தவர்க்கே உரிமை. பிரிட்டனில் 2021-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் இறுதித் தவணை. 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உரிமை பெற்றனர். எண்ணிக்கை பெரிது, ஆனால் இத்தகைய முறையில் இடருறுவோர் தாளறியா முதியோரும், காப்பகத்தில் வளரும் பிள்ளைகளும், பல்லாண்டு வாழ்ந்தமையால் இனி விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்று நம்பியிருந்தோருமே.

ஐந்தாண்டு நிறையாதோர்க்குத் தற்காலிக நிலை தரப்பட்டது. அவர் உரிய காலத்தில் மறுமுறை விண்ணப்பிக்கத் தவறினால் எல்லா உரிமையும் இழப்பார் என்றது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் விதி. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் உயர்நீதிமன்றம் அது சட்டத்திற்கு ஒவ்வாதது என்று தீர்த்தது. ஒப்பந்தம் காத்த உரிமை, இரண்டாவது விண்ணப்பம் வரவில்லை என்பதற்காக மறைந்துவிடாது என்பது அதன் கருத்து. ஒன்றியத்தை விட்டு நாடு விலகிய பின்னும், பழைய நெறியின் ஒரு பகுதி அந்நாட்டு நீதிமன்றத்திலேயே உயிரோடிருந்தது.

முடிவாக

இவ்வரலாற்றிலிருந்து தெளிவாவன இரண்டு. உடன்படிக்கையால் வந்த உரிமை உடன்படிக்கையோடு போகக்கூடும். பிரிட்டிஷ் இளைஞர் ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில் வாழும் உரிமையை ஒரு வாக்கெடுப்பினால் இழந்தனர். ஆனால் அவ்வுரிமையை நம்பி ஏற்கெனவே வீடும் தொழிலும் குடும்பமும் அமைத்துக்கொண்டவர்களை, நாடு மனம் மாறியதால் வேரோடு பிடுங்கலாகாது என்னும் நெறி நின்றது. முன்னது அரசியல், பின்னது அறம்.

மார்சினெல் சுரங்கம் இன்று நினைவுக்கூடமாக விளங்குகிறது. 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. அங்கு மாண்ட இத்தாலியர் சென்ற வழியில் இன்று செல்லும் இத்தாலியனை எவரும் கொட்டகையில் அடைப்பதில்லை. சுரங்கத்தில் இறங்க மறுத்தான் என்று திருப்பியனுப்புவதும் இல்லை. அவன் வேலையை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கலாம். ஊர்த் தேர்தலில் வாக்களிக்கலாம். இரு தலைமுறைக் காலத்தில் இவ்வளவும் சாத்தியமாயிற்று என்பது ஐரோப்பாவிற்குப் பெருமை. ஐரோப்பியர் அல்லாத கோடிக்கணக்கான தொழிலாளர், உலகின் எண்ணற்ற நாடுகளில், இன்றும் 1946-ஆம் ஆண்டின் சீட்டையே கையில் வைத்திருக்கின்றனர் என்பது அப்பெருமையோடு சேர்த்து எண்ணவேண்டியது.